சாக்கில் போய்ப் படு! வீட்டு நாய்க்கு ஒரு புது வித்தை

தோட்டத்தில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. காவலுக்கென்று ஒன்று, பிள்ளைகள் ரோட்டிலிருந்து தூக்கி வந்த குட்டி ஒன்று, யாருடையது என்றே தெரியாமல் இஸ்தோப்பில் வந்து படுத்துக்கொள்வது ஒன்று. சோறு போடுகிறோம். மணி, ஜிம்மி, டைகர் என்று பேரும் வைக்கிறோம். ஆனால் அதற்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தீர்களா என்று கேட்டால், "அது நாய்தானே, அதுக்கு என்னாங்க படிப்பு?" என்றுதான் பதில் வரும்.

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வித்தையைப் பார்ப்போம். "சாக்கு" என்று நாம் சொன்னதும் நாய் போய் அதனுடைய சாக்கில் படுக்க வேண்டும். போதும் என்று சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும். வேறொருவர் வந்து கழுத்தைத் தொட்டாலும் அசையக் கூடாது. பார்க்க விளையாட்டு போலத்தான் இருக்கும். ஆனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட ஆள் வரும் நாளை நினைத்துப் பாருங்கள். பாதி நாய்கள் தேயிலைக்குள் ஓடிவிடும். மீதியை நாலு பேர் துரத்திப் பிடித்து, கயிறு போட்டு இழுத்து வர வேண்டும். அதற்குள் யாராவது ஒருவர் கடி வாங்கியிருப்பார். ஓடிப்போன நாய்க்கு அந்த வருடம் ஊசி கிடையாது. அந்த நாய்தான் அந்தியில் திரும்பி வந்து பிள்ளைகளோடு விளையாடுகிறது.

வெறிநாய்க்கடி நோய் வந்து, அதன் குறிகள் தெரிந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்லலாம். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் இந்த நோயால் 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்போது அது வருடத்துக்கு இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. நாய்களுக்கு ஊசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசில்லாமல் ஊசி கிடைத்ததும்தான் இதற்குப் பெரிய காரணங்கள். அந்த இருபது முப்பதும் கூட இல்லாமல் போக வேண்டுமென்றால் ஊசிக்குப் பிடிபடாத நாய்கள் இருக்கக் கூடாது. நாய் தானாக வந்து படுத்தால் பிடிக்கும் வேலையே இல்லையே!

ஆலங்குடாக் கடலில்

இந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்கும் முறையை முதலில் பார்க்க வேண்டும். அதற்கு மலையை விட்டுக் கடற்கரைக்குப் போவோம்.

தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்துப் போய் வந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். பாலாவியில் திரும்பி, நுரைச்சோலையைத் தாண்டிக் கற்பிட்டி ரோட்டில் போகும்போது கடல் பக்கமாக ஒதுங்கி இருக்கும் ஊர்தான் ஆலங்குடா. தென்னந்தோப்பு, மணல், மீன் வாடி. 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பலர் வந்து தங்கிய பக்கமும் இதுதான். நாம் கடையில் வாங்கும் கருவாட்டில் ஒரு பங்கு இந்தக் கரையிலிருந்து வருவது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடல் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் ஆலங்குடாவிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் படகில் போனால் டொல்பின்களைக் காணலாம். ஓங்கில் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில் கூட்டமாகப் போகும். அவற்றில் ஒரு வகை தண்ணீரிலிருந்து மேலே எகிறி, பம்பரம் போல நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு விழும். அதனால்தான் அதற்குச் சுழலும் டொல்பின் என்று பேர். படகில் இருப்பவர்கள் நமக்காகத்தான் வித்தை காட்டுகிறது என்று கை தட்டுகிறார்கள். அந்தக் கடல் டொல்பின்களுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்றுக்கொன்று செய்தி சொல்லவும், உடம்பில் ஒட்டிக்கொள்ளும் மீனை உதறிவிடவும் அப்படிச் சுற்றலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் டொல்பினுக்கு வித்தை சொல்லிக் கொடுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் 1964ஆம் ஆண்டு கடல் உயிர்க் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. அங்கே பயிற்சி கொடுத்தவர்களுக்குத் தலைவியாக இருந்தவர் கேரன் பிரையர் என்ற பெண்மணி. ஆலங்குடாவில் நாம் காண்கிற அதே சுழலும் வகையும் அங்கே இருந்தது. (கடல் உயிரைத் தொட்டியில் அடைத்து வைப்பது எனக்கு ஒப்பாத காரியம். அது வேறு பேச்சு.) அவருக்கு இருந்த சங்கடத்தைக் கவனியுங்கள். டொல்பினுக்குக் கழுத்தில் கயிறு போட முடியாது. கம்பால் அடிக்க முடியாது. கத்தினால் தொட்டியின் மறுகோடிக்குப் போய்விடும். அது தானாக விரும்பிச் செய்தால்தான் உண்டு.

கொடுப்பதற்கு அவரிடம் மீன் மட்டும் இருந்தது. அதிலும் ஒரு சிக்கல். டொல்பின் அந்தப் பக்கம் அழகாக ஒரு தாவு தாவும். மீனை வாங்க இந்தப் பக்கம் நீந்தி வருவதற்குள் கொஞ்ச நேரம் போய்விடும். வழியில் அது நாலு காரியம் செய்திருக்கும். மீன் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் விசில். தாவிய அந்த நொடியிலேயே விசில் ஊதுவார்கள். "இதுதான், இதற்குத்தான் மீன் வருது" என்று விசில் சொல்லிவிடும். மீன் பிறகு மெதுவாக வந்தாலும் பரவாயில்லை.

இந்த யோசனை கேரன் பிரையர் கண்டுபிடித்தது அல்ல. அதற்கு முன்பே ஸ்கின்னர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலியையும் புறாவையும் வைத்துச் சோதித்துப் பார்த்ததிலிருந்து வளர்ந்தது. அதற்கும் முன்னே ரஷ்யாவில் பாவ்லோவ். சீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு வாங்கியவர் அவர். சாப்பாடு வாய்க்கு வருமுன்பே, சாப்பாட்டோடு சேர்ந்து வரும் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்று காட்டினார். நமக்கு இது புதிதல்ல. "பக் பக்" என்றால் கோழி ஓடி வருவதும், புண்ணாக்கு வாளியின் சத்தத்துக்கு மாடு தலையைத் தூக்குவதும் அதே கதைதான். ஸ்டோர் சங்கு ஊதினால் சில நாய்கள் வாசலில் போய் நிற்கும். அம்மா கொழுந்துக் கூடையோடு வரும் நேரம் அதற்குத் தெரியும்.

கேரன் பிரையர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். மாலியா என்ற டொல்பினிடம், முன்பு காட்டாத எதையாவது புதிதாகச் செய்தால் மட்டும்தான் மீன் என்று வைத்தார்கள். முதலில் அது பழைய வித்தைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தது. மீன் இல்லை. சில நாள் கழித்துத் திடீரென்று, யாரும் சொல்லிக் கொடுக்காதவற்றை அதுவாகவே செய்யத் தொடங்கியது. வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வழுக்கிப் போவது போன்றவை. இன்னொரு டொல்பினிடமும் இதை ஒழுங்காகக் குறிப்பெடுத்துச் செய்து பார்த்து 1969ஆம் ஆண்டு ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தண்டனைக்குப் பயந்த மிருகம் இப்படிப் புதிதாக எதையும் செய்து பார்க்காது. மூலையில் ஒடுங்கித்தான் கிடக்கும். பிறகு இதே முறையை நாய்க்கும் மற்றவற்றுக்கும் எப்படிப் பொருத்துவது என்று 1984ஆம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். இன்று உலகெங்கும் நாய்ப் பயிற்சியாளர் பலர் அந்த வழியில் போகிறார்கள்.

நம் நாய்க்குக் கயிறு போட முடிகிறது, கம்பும் கைக்கு எட்டுகிறது. அதனால்தான் நமக்கு இந்த யோசனையெல்லாம் தேவைப்படவில்லை போலும்.

சாமான் என்ன வேண்டும்?

காசு செலவு இல்லை. ஒரு பழைய சாக்கு. கிழிந்த படங்காக இருந்தாலும் சரி. நாய்க்கு ஆசையான தீனி கொஞ்சம். நெத்தலிக் கருவாடு நல்லது. ஆனால் அதில் உப்பு அதிகம். தண்ணீரில் நன்றாக ஊற வைத்து, தண்ணீரை மாற்றிக் கழுவி, வறட்டுச் சட்டியில் லேசாக வாட்டி, ஒரு நெத்தலியை மூன்று நாலு துண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். விரல் நகம் அளவு போதும். அவித்த முட்டைத் துண்டும் கொடுக்கலாம். மீந்த குழம்பில் கிடக்கும் வெங்காயம் கொடுக்க வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தத்துக்குக் கெடுதல். கற்பிட்டிக் கரையிலிருந்து வரும் நெத்தலி நாய்க்கு ஆகும், அதே கரையில் விளையும் சின்ன வெங்காயம் ஆகாது! சொக்லட்டும் ஆகாது.

விசிலுக்குப் பதிலாக நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "டொக்" என்று ஒரு சத்தம். அமுக்கினால் "டிக்" என்னும் பேனையும் போதும். எதை எடுத்தாலும் தினமும் அதே சத்தம்தான்.

நேரம்: அந்திச் சோற்றுக்கு முன், ஐந்து நிமிடம். வயிறு நிறைந்த நாய் படிக்காது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் பசித்த நாயும் படிக்காது. கொழுந்து எடுத்துக் களைத்து வரும் அம்மாதான் இதையும் செய்ய வேண்டும் என்றில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை செய்யலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் தெரியாத நாயிடமோ, குட்டி போட்ட நாயிடமோ, சுகமில்லாத நாயிடமோ இந்தப் பாடம் வேண்டாம்.

சொல்லிக் கொடுக்கும் விதம்

முதல் நாள் வித்தையே இல்லை. "டொக்", உடனே ஒரு துண்டு நெத்தலி. இப்படி இருபது தடவை. நாய் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த நாள் அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது "டொக்" என்றால் சட்டென்று உங்களைத் திரும்பிப் பார்க்கும். பார்த்துவிட்டால் சத்தத்தின் அர்த்தம் அதற்குப் புரிந்துவிட்டது. பார்க்கவில்லையென்றால் இன்னொரு நாள் அதையே செய்யுங்கள்.

பிறகு சாக்கை இஸ்தோப்பில் விரியுங்கள். விரித்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். இந்தச் சும்மா நிற்பதுதான் கஷ்டம்! நமக்கு நாயைப் பிடித்துத் தள்ளிச் சாக்கில் உட்கார வைக்க வேண்டும் போலிருக்கும். தள்ளாதீர்கள். தள்ளினால் அது திமிறத்தான் படிக்கும். நாய் சாக்கைப் பார்த்தாலே "டொக்", நெத்தலி. முகர்ந்து பார்த்தால் "டொக்". அடுத்து, பார்த்தால் மட்டும் கொடுக்காதீர்கள், ஒரு காலாவது சாக்கில் படட்டும். அதன்பின் இரண்டு கால். அதன்பின் நாலும். நாய் கொஞ்சம் குழம்பி உங்களையே பார்க்கும், குரைக்கும், சாக்கைப் பிறாண்டும். மாலியா பழைய வித்தைகளைக் காட்டிப் பார்த்தது போலத்தான். பொறுத்திருங்கள். நாலு காலும் சாக்கில் பட்ட அந்த நொடியில் "டொக்". துண்டைச் சாக்கின் மேலேயே போடுங்கள். சாக்கு நல்ல இடம் என்று அதற்குத் தோன்ற வேண்டும்.

நாலைந்து நாளில் உங்களைக் கண்டதும் ஓடிப்போய்ச் சாக்கில் ஏறி நிற்கும். அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். இந்த இடத்தில்தான் அநேகர் அவசரப்படுகிறார்கள். நாய்க்குக் காரியம் தெரியாத நேரத்தில் "சாக்கு, சாக்கு, ஏய் சாக்குல போடா" என்று இருபது தரம் சொன்னால் அந்தச் சொல் வெறும் இரைச்சலாகப் போய்விடும். காரியம் உறுதியான பிறகு, அது சாக்கை நோக்கி நடக்கத் தொடங்கும்போது ஒரே ஒரு தரம் "சாக்கு" என்று சொல்லுங்கள். சில நாளில் சொல்லும் செயலும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா "படு" என்பார், அப்பா "சிட்" என்பார், தம்பி "சாக்கு" என்பான். நாய் என்ன செய்யும் பாவம்! ஒருநாள் இரவு எல்லாருமாக உட்கார்ந்து எந்தச் சொல் என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆத்தாவையும் சேர்த்துத்தான். பகலில் நாயோடு அதிக நேரம் இருப்பது அவர்தானே.

இனி நேரத்தை நீட்ட வேண்டும். சாக்கில் நின்றதும் கொடுத்ததை இனி உட்கார்ந்தால், பிறகு படுத்தால் என்று மாற்றுங்கள். படுத்தபின் மனதில் மூன்று எண்ணி "டொக்". அப்புறம் ஐந்து, பத்து. நடுவில் எழுந்துவிட்டால் திட்டாதீர்கள். துண்டு கிடையாது, அவ்வளவுதான். அடுத்த தடவை குறைந்த எண்ணிக்கையில் தொடங்குங்கள். முடிந்ததும் "போதும்" என்று சொல்லி எழுப்புங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் எப்போது எழும்பலாம் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும்.

வயதான நாய்க்கு வருமா என்று கேட்பார்கள். வரும். பல வருடம் அடி வாங்கிய நாய்க்குத்தான் காலம் எடுக்கும், கை தூக்கினாலே பயப்படும். அதற்கு நெத்தலியைக் கையில் நீட்டாமல் தரையில் போட்டு ஆரம்பியுங்கள்.

ஊசிக்குப் பழக்குவது

நாய் இருபது எண்ணும்வரை சாக்கில் படுத்திருக்கப் பழகிய பிறகு இதைத் தொடங்கலாம். கழுத்தின் மேல் கையை வையுங்கள். "டொக்", துண்டு. அடுத்து தோலை லேசாகத் திரட்டிப் பிடியுங்கள். "டொக்". பின்னங்காலின் தொடையையும் அப்படியே தொட்டுப் பழக்குங்கள். ஊசி போடுபவர் எங்கே போடுவார் என்று நாம் தீர்மானிக்க முடியாது. பிறகு பேனையின் மழுங்கிய முனையால் ஒரு சின்ன அழுத்தம். அடுத்த வாரம் பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரையாவது கூப்பிட்டு, "அண்ணே, கொஞ்சம் வந்து இதோட கழுத்தைத் தொட்டுப் பாருங்க" என்று கேளுங்கள். வீட்டு ஆள் கையும் வெளி ஆள் கையும் நாய்க்கு ஒன்றல்ல. நாய் உறுமினாலோ, உடம்பு விறைத்தாலோ, உதட்டை நக்கி முகத்தைத் திருப்பினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். உறுமியதற்காக அடிக்கவே கூடாது. உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும்.

துணிப்பட்டையால் வாயைத் தளர்வாகக் கட்டவும் இதே முறையில் பழக்கலாம். ஊசி போடுபவருக்கு அது பெரிய உதவி.

இதோடு சேர்த்து இன்னொன்று: கூப்பிட்டால் வருவது. அதுவும் "டொக்", நெத்தலிதான். ஆனால் இதில் ஒரே ஒரு விதி. வந்த நாயை அடிக்காதீர்கள். நாய் பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு இருட்டில் வரும். "எங்கடா போன?" என்று இரண்டு போடு போடுவோம். ஊர் சுற்றியதற்கு அடி என்று நாம் நினைக்கிறோம், வீட்டுக்கு வந்ததற்கு அடி என்று அது படிக்கிறது. மறுநாள் இன்னும் நேரம் கழித்து வரும்.

மலைநாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. லயத்துப் பக்கம் சிறுத்தை இறங்கி வருவது பெரும்பாலும் நாயைத் தேடித்தான். இருட்டினதும் கூப்பிட்ட குரலுக்கு வந்து, கதவுக்குள்ளே சாக்கில் படுக்கும் நாய் பிழைத்துக்கொள்ளும். சிறுத்தை வாசலுக்கு வரவும் காரணம் குறையும். பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய கண்ணியில் மாட்டி இறந்துபோனதை எல்லாரும் அறிவோம். அதே கண்ணிகளில் மாட்டும் நாய்களைப் பற்றிப் பத்திரிகையில் வராது.

கவனம்

நன்றாக இருந்த நாய் திடீரென்று குணம் மாறினால், வாயில் எச்சில் வடிந்தால், விழுங்க முடியாமல் தவித்தால், குரல் மாறினால், காரணமில்லாமல் கண்டதைக் கடித்தால் இந்தப் பாடத்தை எல்லாம் மறந்துவிட்டு விலகிப் போங்கள். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே சொல்லி அனுப்புங்கள். நாய் கடித்தாலோ, நகம் பட்டுக் கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் கோப்பித்தூளும் அப்ப வேண்டாம். கழுவியதும் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது. குட்டியாலும் இந்த நோய் வரும். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் மனத் திருப்திக்கு என்றால் ஊசி போட்டு வந்தபின் கட்டிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி போட வரும் நாளைப் பற்றித் தோட்டத்தில் அறிவித்தால், அதற்கு மூன்று வாரம் முன்பே பழக்கத் தொடங்கினால் அநேகமாகப் போதும். அன்றைக்கு நாயை வெறும் வயிற்றோடு கூட்டிப் போக வேண்டியதில்லை. ஆனால் வயிறு முட்டச் சோறும் போட வேண்டாம். கழுத்தில் கயிறு இருக்கட்டும். மற்ற நாய்கள் கூடும் இடமாகையால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். வீட்டுச் சாக்கையும் கையோடு எடுத்துப் போங்கள், அது விரித்த இடம்தான் நாய்க்கு வீடு. நெத்தலித் துண்டுகள் சட்டைப் பையில் இருக்கட்டும். ஊசி இறங்கிய நொடியில் "டொக்", அதன்பின் ஒன்றல்ல, நாலைந்து துண்டாகக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து ஊசி அட்டையை, பிள்ளைகளின் கிளினிக் அட்டை இருக்கும் அதே டின்னில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு வருடமும் அடுத்த ஊசிக்கு அது வேண்டியிருக்கும்.